பாடமாக இருந்ததால் பறிபோன இரண்டு பக்கங்கள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு வடக்கே ஹேசல்வுட் ஈஸ்ட் என்றொரு அரசு உயர்நிலைப் பள்ளி. 1983 மே 13 அன்று அங்கே மாணவர் பத்திரிகையான ‘ஸ்பெக்ட்ரம்’ ஆறு பக்கத்தில் வந்திருக்க வேண்டும். நாலு பக்கத்தில் வந்தது. விடுபட்ட இரண்டு பக்கங்களுக்காக, பத்திரிகையில் வேலை பார்த்த மூன்று மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டில் அரசுப் பள்ளி முதல்வர் ஒருவர் மாணவர் பத்திரிகையில் கைவைக்கும்போதெல்லாம் ‘ஹேசல்வுட்’ என்ற பெயர் அடிபடுகிறது.

வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இதை ஒரு பேச்சுரிமைக் கதையாகச் சொல்வார்கள். ஒரு பக்கம் துணிச்சலான பிள்ளைகள், எதிர்ப்பக்கம் கத்தரி பிடித்த முதல்வர். அப்படிச் சொல்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தீர்ப்பை உட்கார்ந்து படிக்கும்போது எனக்கு வேறொன்று உறைத்தது. நீக்கிய கட்டுரைகளில் என்ன இருந்தது என்பதற்குக் கொடுத்த அளவு இடம், பத்திரிகை யார் காசில், யாருடைய வகுப்பு நேரத்தில், எந்தப் பாடத்தின் கீழ் தயாரானது என்பதற்கும் தீர்ப்பில் இருக்கிறது. முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். பள்ளியின் ஆண்டு மலரைப் புரட்டினால் பத்திரிகைக் குழு, மாணவர் மன்றம், கிளப்புகள் எல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கும். சட்டம் அவற்றை ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இதெல்லாம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் காக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம் கட்டிப்போடுவது அரசைத்தான். தனியார் பள்ளி நிர்வாகம் என்ன செய்தாலும் அது தலையிடாது.

ப்ரூஃப் போன நாள்

‘ஸ்பெக்ட்ரம்’ மாலையில் ஆர்வமுள்ள நாலு பிள்ளைகள் கூடி நடத்திய இதழ் இல்லை. ‘ஜர்னலிசம் 2’ என்ற பாடத்தின் மாணவர்கள், ஆசிரியர் மேற்பார்வையில், மதிப்பெண்ணுக்காகத் தயாரித்த பத்திரிகை. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். 1982-83 கல்வியாண்டில் 4,500 பிரதிகளுக்கு மேல் மாணவர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் போயின. அந்த ஆண்டு அச்சுச் செலவு 4,668 டாலர் 50 சென்ட். பத்திரிகையை விற்று வந்தது 1,166 டாலர் 84 சென்ட். அதாவது அச்சுக்கூலியில் கால் பங்கைத்தான் பத்திரிகை தானாகச் சம்பாதித்தது. மீதி அச்சுச் செலவு, தாள், பாடப்புத்தகம், ஆசிரியர் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் பள்ளி மாவட்டத்தின் (ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கல்வி வாரியம் கொடுத்தது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; உச்ச நீதிமன்றம் வைத்துக்கொண்டது.

ஆண்டின் பெரும்பகுதி அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியர் 1983 ஏப்ரல் 29 அன்று தனியார் வேலைக்குப் போய்விட்டார். மே 13 இதழ் அப்போது ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தது. கடைசி நேரத்தில் இன்னொரு ஆசிரியர் பொறுப்பேற்றார். ஒவ்வொரு இதழின் ப்ரூஃபும், அதாவது திருத்தம் பார்க்கும் மாதிரிப் பிரதியும், அச்சுக்குப் போகும் முன் முதல்வரின் பார்வைக்குப் போவது அங்கே வழக்கம். புது ஆசிரியரும் அதன்படி மே 10 அன்று ப்ரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அச்சுக்கு மூன்றே நாள்.

முதல்வர் ராபர்ட் யூஜின் ரெனால்ட்ஸுக்கு இரண்டு கட்டுரைகள் உறுத்தின. ஒன்று, அதே பள்ளியில் கர்ப்பமான மூன்று மாணவிகளின் அனுபவம். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் பள்ளியில் கர்ப்பமாக இருந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், கட்டுரையில் உள்ள விவரங்களை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கவலை. உடலுறவு, கருத்தடை பற்றிய குறிப்புகள் 14 வயதுப் பிள்ளைகள் படிக்கத் தக்கவை அல்ல என்றும் நினைத்தார். இரண்டாவது, பெற்றோரின் விவாகரத்து பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றி. அதில் ஒரு மாணவி, அப்பா எங்களோடு போதிய நேரம் செலவிட்டதில்லை, எப்போதும் வேலை விஷயமாக வெளியூர், இல்லாவிட்டால் ராத்திரி வெகுநேரம் நண்பர்களோடு சீட்டாட்டம், அம்மாவோடு எதற்கெடுத்தாலும் சண்டை என்று மனம் விட்டுப் பேசியிருந்தார். முதல்வர் பார்த்த ப்ரூஃபில் மாணவியின் பெயர் இருந்தது. பதில் சொல்ல அந்த அப்பாவுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டாமா என்று ரெனால்ட்ஸ் கேட்டார்.

நியாயமான கேள்வி. பத்திரிகை ஆபீஸில் வேலை பார்த்த எந்த உதவி ஆசிரியரும் அந்த வரியில் பென்சிலை நிறுத்தி, ‘எதிர்த்தரப்பைக் கேட்டீர்களா?’ என்று எழுதியிருப்பார். வேடிக்கை என்னவென்றால், புது ஆசிரியர் இறுதிப் பிரதியில் அந்த மாணவியின் பெயரை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். முதல்வருக்கு அது தெரியாது.

ரெனால்ட்ஸ் போட்ட கணக்கு இப்படி. திருத்திக்கொண்டிருக்க நேரம் இல்லை. அச்சைத் தள்ளிப்போட்டால் பள்ளி ஆண்டு முடிவதற்குள் இதழ் வராது. அதனால் ஒன்று இதழே வேண்டாம், அல்லது அந்தக் கட்டுரைகள் உள்ள இரண்டு பக்கங்களைத் தூக்கிவிட்டு நாலு பக்கமாக அடிப்பது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மேலதிகாரிகளிடம் சொன்னார், அவர்களும் சரி என்றார்கள்.

இந்த வழக்கில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். அவருக்கு ஆட்சேபம் இருந்தது இரண்டு கட்டுரைகளில். போனவையோ ஆறு. சிறுவயதுத் திருமணம், வீட்டைவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகள், இளம் குற்றவாளிகள், பதின்வயதுக் கர்ப்பம் பற்றிப் பொதுவாக ஒன்று என நாலு கட்டுரைகள் அதே பக்கங்களில் இருந்த ஒரே காரணத்தால் சேர்ந்து போயின. அவற்றில் தனக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை என்று அவரே நீதிமன்றத்தில் சொன்னார். பத்திரிகையின் ஆசிரியர் குழு கட்டுரை கட்டுரையாக யோசிக்கும். அச்சகம் பக்கம் பக்கமாக யோசிக்கும். ரெனால்ட்ஸ் அச்சகத்தின் கணக்கில் வெட்டினார்.

எழுதிய பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. இரண்டு பக்கங்கள் இல்லை என்பது இதழ் வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பத்தியை எடுப்பது, லே-அவுட்டை மாற்றிப் போடுவது, அந்த இடத்தில் வேறு எதையாவது வைப்பது, தேதியைக் கொஞ்சம் தள்ளுவது என்று வழிகள் இருந்தன. ஜர்னலிசம் ஒரு பாடம் என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பாடத்தின் மிக நல்ல வகுப்பாக இருந்திருக்கக்கூடிய அரை மணி நேரத்தைப் பள்ளி கோட்டைவிட்டது. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் தெரியாமல் காப்பது எப்படி, குற்றம் சாட்டப்பட்ட அப்பாவிடம் போன் போட்டு என்ன கேட்பது, எதை எடுத்தால் கட்டுரை நிற்கும், எதை எடுத்தால் விழும் என்று அன்றைக்குப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் வழக்கே வந்திருக்காது என்பது என் ஊகம்.

மூன்று நீதிமன்றங்கள்

வழக்கு என்ன அடித்தளத்தில் நின்றது என்று தெரிய 1965-க்குப் போக வேண்டும். அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில், வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளைப் பள்ளி இடைநீக்கம் செய்தது. அவர்களில் ஒருவரான மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் நின்றது. பள்ளி நடப்பதற்குக் கணிசமான இடையூறு வரும் என்று காட்ட முடியாவிட்டால் மாணவர் பேச்சைத் தடுக்கக்கூடாது என்பது அந்த ‘டிங்கர்’ விதி. அதிகம் பேர் கவனிக்காத ஒரு துணுக்கு அந்தத் தீர்ப்பிலேயே உண்டு. கறுப்புப் பட்டைக்குத் தடை போட முதல்வர்கள் கூட்டம் கூட்டியதற்குக் காரணமே, ஒரு மாணவர் தன் ஜர்னலிசம் ஆசிரியரிடம் போய், வியட்நாம் பற்றிப் பள்ளிப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று சொன்னதுதான். அந்த மாணவரிடம் பேசி அந்த எண்ணத்தைக் கைவிட வைத்துவிட்டார்கள். ஆக, கறுப்புப் பட்டை கட்டிய பிள்ளைகள் சரித்திரத்தில் நிற்கிறார்கள். பத்திரிகையில் எழுத ஆசைப்பட்ட பையன் ஓர் அடைப்புக்குறிக்குள் முடிந்துபோனான்.

ஹேசல்வுட் மாணவிகள் டிங்கர் விதியைப் பிடித்துக்கொண்டு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் போனார்கள். 1985-ல் பள்ளி ஜெயித்தது. 1986-ல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. பத்திரிகை பாடத்தின் பகுதிதான், ஆனாலும் மாணவர் கருத்துக்கான பொது மேடையாகவும் இயங்கியது; இடையூறு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை; அந்தக் கட்டுரைகளை வைத்து யாரும் பள்ளி மேல் அவதூறு வழக்கோ அந்தரங்க உரிமை வழக்கோ போட்டு ஜெயிக்கவும் முடியாது என்றது.

மாணவிகள் கையில் நல்ல சாட்சியங்கள் இருந்தன. 1982 செப்டம்பரில் ‘ஸ்பெக்ட்ரம்’ தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, மாணவர் பத்திரிகை என்ற முறையில் முதலாவது திருத்தம் தரும் உரிமைகள் எல்லாம் தனக்கு உண்டு என்று அச்சிலேயே சொல்லியிருந்தது. பள்ளி வாரியத்தின் கொள்கையும், பொறுப்பான பத்திரிகைத் தொழிலின் விதிகளுக்குள் மாணவர் வெளியீடுகளில் கருத்துச் சுதந்திரம் கட்டுப்படுத்தப்படாது என்றது. இதைப் படித்த பிள்ளைகள் பத்திரிகை தங்களுடையது என்று நம்பியதில் என்ன ஆச்சரியம்?

உச்ச நீதிமன்றத்தில் 1987 அக்டோபரில் விசாரணை. நீதிபதி பவல் அந்தக் கோடையில் ஓய்வு பெற்றிருந்தார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. எனவே ஒன்பது நீதிபதிகள் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர். 1988 ஜனவரி 13 அன்று 5-3 என்று தீர்ப்பு. பெரும்பான்மைக்கு எழுதியவர் பைரன் வைட். வாரியத்தின் அதே கொள்கையில், பள்ளி வெளியீடுகள் பாடத்திட்டத்துக்கு உட்பட்டு வழக்கமான வகுப்புகளில் உருவாகின்றவை என்ற வாசகமும் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இதழில் வந்த கொள்கை அறிக்கையை அந்த வாசகத்தோடு சேர்த்துப் படித்தார். வகுப்பை நடத்துவது ஆசிரியர், பதிப்பாசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர், கட்டுரைகளைத் திருத்துவது ஆசிரியர், மதிப்பெண் போடுவது ஆசிரியர், பணம் வாரியத்துடையது. இது பொது மேடை இல்லை, பாடம் என்றார்.

பிறகு ஒரு கோடு கிழித்தார். மாணவர் ஒருவர் பள்ளிக்குள் தன் சொந்தக் கருத்தைச் சொல்வதைப் பள்ளி சகித்துக்கொள்ள வேண்டுமா என்பது டிங்கரின் கேள்வி. பள்ளி தன் பெயரையும் வளத்தையும் கொடுத்து அதை முன்னெடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. பள்ளியின் முத்திரை விழுந்தது போல் தெரியும் எதிலும், ‘நியாயமான கல்வி நோக்கத்தோடு’ பொருத்தமான தொடர்பு இருந்தாலே போதும், பள்ளி தலையிடலாம். பத்திரிகையோடு நிற்கவில்லை, பள்ளி நாடகத்துக்கும் இது பொருந்தும்.

பிரென்னன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் மார்ஷலும் பிளாக்மனும் சேர்ந்தார்கள். இரண்டில் ஆட்சேபம், ஆறில் வெட்டு என்ற கணக்கைப் பளிச்சென்று எடுத்து வைத்தவர் பிரென்னன்தான். துல்லியமாக நீக்குவதைப் பற்றி முதல்வர் விசாரிக்கக்கூட இல்லை, அப்படி ஒரு நீக்கம் ஏற்கெனவே நடந்திருந்தும் என்று குத்திக் காட்டினார். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எதிர்பார்த்தது ஒரு குடிமைப் பாடம். இந்த நீதிமன்றம் இன்று சொல்லிக்கொடுப்பது அவர்கள் எதிர்பார்த்த பாடம் இல்லை என்று முடித்தார்.

வைட் எழுதியதில் ஒரு பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. தப்பும் தவறுமாக எழுதியது, ஒருதலைப்பட்சமானது, போதிய ஆய்வில்லாதது ஆகியவற்றைப் பள்ளி தன் பெயரில் போட மறுக்கலாம் என்கிறார். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அதைத்தான் செய்வார். மற்ற பாதிதான் உறுத்துகிறது. அரசியல் சர்ச்சைகளில் நடுநிலை தவிர வேறு நிலைப்பாட்டோடு பள்ளி சேர்த்துப் பேசப்படக்கூடிய எதையும் தடுக்கலாம் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். இதை அப்படியே எடுத்துக்கொண்டால், மதிய உணவின் தரத்தைத் தாண்டி ஒரு மாணவர் எதைப் பற்றி எழுதினாலும் காரணம் ஒன்று கண்டுபிடித்துவிடலாம். சில நாட்களில் மதிய உணவுக்கும்.

ஹேசல்வுட்டுக்கும் எல்லை உண்டு என்று காட்டிய தீர்ப்புகள் இல்லாமல் இல்லை. மிஷிகன் மாநிலத்தின் யூடிகா உயர்நிலைப் பள்ளியில் ‘ஆரோ’ என்ற மாணவர் பத்திரிகை. பள்ளிப் பேருந்து நிறுத்துமிடத்தின் டீசல் புகையால் உடல் கெட்டது என்று பக்கத்து வீட்டுத் தம்பதி பள்ளி மாவட்டத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரையை நிர்வாகம் நிறுத்தியது. 2004-ல் கூட்டாட்சி நீதிமன்றம் இந்தத் தணிக்கை செல்லாது என்றது. அந்தப் பத்திரிகையை நடைமுறையில் மாணவர்களே நடத்திவந்தார்கள், நிர்வாகம் முன்கூட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதனால் அது மேடையாகக் கணக்கில் வந்தது. கட்டுரையின் தரத்திலும் குறை சொல்ல இடம் இல்லை. கவனியுங்கள்: இங்கேயும் முதல் கேள்வி, ப்ரூஃப் யார் மேஜைக்குப் போகும் என்பதுதான்.

ஸ்கூபா கிளப்பும் பைபிள் கிளப்பும்

இனி அதே நீதிமன்றம், இரண்டே ஆண்டு கழித்து, கிளப்புகளைப் பற்றிச் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சுவாரஸ்யம்.

1985 ஜனவரியில், நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவின் வெஸ்ட்சைடு உயர்நிலைப் பள்ளியில் பிரிட்ஜெட் மெர்ஜென்ஸ் என்ற மாணவி, பள்ளி நேரத்துக்கு வெளியே கூடும் கிறிஸ்தவ கிளப் ஒன்று தொடங்க அனுமதி கேட்டார். பைபிள் படிப்போம், பேசுவோம், ஜெபிப்போம், விரும்பியவர்கள் வரலாம் என்றார். பள்ளி மறுத்தது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. மதக் கிளப்புக்கு அப்படி ஆசிரியரைக் கொடுத்தால் அரசும் மதமும் கலந்துவிடும் என்றது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1984-ல், அமெரிக்க காங்கிரஸ் ‘சம அணுகல் சட்டம்’ கொண்டுவந்திருந்தது. கூட்டாட்சி அரசின் நிதி வாங்கும் அரசு உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மாணவர் குழுவுக்கு இடம் கொடுத்தாலும் போதும், அதன் பிறகு மதம், அரசியல், தத்துவம் என்று பேசும் பொருளைக் காரணம் காட்டி வேறு குழுவுக்கு மறுக்க முடியாது. அதனால் வழக்கின் கேள்வி சுருங்கிவிட்டது: வெஸ்ட்சைடில் பாடத்தோடு தொடர்பில்லாத கிளப் ஒன்றாவது இருந்ததா?

பள்ளியில் ஏறக்குறைய முப்பது குழுக்கள். எல்லாமே பாடம் சம்பந்தப்பட்டவைதான் என்று பள்ளி சாதித்தது. ஸ்கூபா டைவிங் கிளப் உடற்கல்வியில் வரும் நீச்சலுக்குத் துணை, செஸ் கிளப் கணக்குக்கும் அறிவியலுக்கும் துணை என்றது. இப்படி இழுத்தால் உலகத்தில் எதுதான் பாடமில்லை? 1990 ஜூன் 4 அன்று உச்ச நீதிமன்றம் 8-1 என்று மாணவி பக்கம் நின்றது. ஓ’கானர் எழுதிய தீர்ப்பு ஓர் அளவுகோலைத் தந்தது. ஒரு குழுவின் பொருள் வகுப்பில் நடத்தப்படுகிறதா, பள்ளியின் ஒட்டுமொத்தப் பாடங்களைப் பற்றி அது பேசுகிறதா, ஏதாவது பாடத்துக்கு அதில் சேர்வது கட்டாயமா, சேர்ந்தால் மதிப்பீட்டுப் புள்ளி உண்டா? இதில் ஒன்றாவது இருந்தால் அது பாடத்தோடு சேர்ந்த குழு. பிரெஞ்சு கற்பிக்கும் பள்ளியில் பிரெஞ்சு கிளப் அப்படிப்பட்டது. பள்ளியின் பாடங்களைப் பற்றிக் கருத்துக் கேட்டு யோசனை சொல்லும் அளவுக்கு, மாணவர் மன்றமும் பொதுவாக அப்படித்தான் என்றது.

அந்த அளவுகோலை எடுத்து ‘ஸ்பெக்ட்ரம்’ மேல் வைத்துப் பாருங்கள். பாடம், ஆம். மதிப்பெண், ஆம். எந்த அம்சங்கள் பத்திரிகையைப் பள்ளியின் கௌரவமான செயல்பாடாக ஆக்கினவோ, அவையே அதை மாணவர் கையிலிருந்து எடுத்தன. மதிப்பெண் இல்லாமல், மாலையில் காலி வகுப்பறையில் கூடும் செஸ் கிளப்புக்கும் பைபிள் கிளப்புக்கும் வலுவான சட்டப் பாதுகாப்பு. ஆண்டு முழுக்க உழைத்து, மதிப்பெண் வாங்கி, 4,500 பிரதி அடித்த பத்திரிகைக்கு ‘பொருத்தமான தொடர்பு’ என்ற மெல்லிய நூல்.

இந்தச் சட்டத்தின் வால் எங்கெல்லாம் நீண்டது என்பது தனிக்கதை. பைபிள் கிளப்புகளுக்கு வழிவிடுவதில் அக்கறை கொண்டவர்கள் முன்நின்று கொண்டுவந்த சட்டம் அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்களும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்த குழுக்கள் வாசலில் வந்து நின்றன. 1996-ல் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில், ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் அப்படி ஒரு குழு அனுமதி கேட்டது. அதற்கு மட்டும் மறுக்கச் சட்டம் இடம் தராது. கல்வி வாரியம் நகரத்துப் பள்ளிகளில் பாடம் சாராத கிளப்புகள் அத்தனையையும் தடை செய்தது. ஒரு குழுவைத் தவிர்க்க எல்லாக் கதவையும் சாத்தினார்கள். 2000-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

மாணவர் மன்றத்தின் மைக்

மாணவர் மன்றத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் அதன் அதிகாரமும் நீளமானது இல்லை. நடன விழா, நிதி திரட்டல், உற்சாக வாரம். தீர்மானம் எதுவும் முதல்வர் கையெழுத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும்.

ஆனால் தேர்தல் மேடை வழக்கானது உண்டு. 1983 ஏப்ரல் 26 அன்று, அதாவது ஹேசல்வுட் ப்ரூஃப் முதல்வர் மேஜைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு, வாஷிங்டன் மாநிலத்தின் பெத்தல் உயர்நிலைப் பள்ளியில் மேத்யூ ஃபிரேசர் என்ற மாணவர் தன் நண்பரை மன்றப் பதவிக்கு முன்மொழிந்து பேசினார். ஏறக்குறைய 600 மாணவர்கள் முன்னால். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் முழுக்க இரட்டை அர்த்தம். மூன்று நாள் இடைநீக்கம், பட்டமளிப்பு விழாவில் பேசுவதற்கான பட்டியலிலிருந்து பெயர் நீக்கம் என்று தண்டனை. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை, பட்டியலில் இல்லாத அவர் பெயரை வாக்குச்சீட்டில் கையால் எழுதித் தேர்ந்தெடுத்தார்கள். கீழ் நீதிமன்ற உத்தரவின் துணையோடு ஜூன் 8 அன்று விழாவில் பேசினார். 1986-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று பள்ளி பக்கம் நின்றது. அந்தக் கூட்டம் சுயாட்சியைக் கற்பிக்கும் பள்ளி நிகழ்ச்சி. அதில் ஆபாசத்துக்கு இடமில்லை என்று சொல்லப் பள்ளிக்கு உரிமை உண்டு என்றது. ஹேசல்வுட் தீர்ப்புக்கு இது ஒரு படிக்கல்.

மாணவர் ஆட்சிக்கு உண்மையான அதிகாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மேரிலாந்து காட்டியது. அங்கே ஹோவர்டு கவுண்டியின் கல்வி வாரியத்தில் பெரியவர்கள் ஏழு பேரோடு மாணவர் ஒருவரும் உறுப்பினர். பல விஷயங்களில் ஓட்டுப் போடலாம். கொரோனா காலத்தில் பள்ளியைத் திறப்பது பற்றிய வாக்கெடுப்புகள் சரிசமமாக முட்டிக்கொண்டு நின்றபோது, அந்த ஒரு ஓட்டு பெற்றோர் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பியது. மாணவருக்கு ஓட்டுரிமை கொடுத்ததே செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். 2022-ல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அது செல்லும் என்றது. அலங்காரப் பதவியாக இருந்தவரை யாரும் வழக்குக்குப் போகவில்லை.

மாநிலங்கள் போட்ட வேலி

ஹேசல்வுட் சொன்னது அரசியல் சட்டத்தின் குறைந்தபட்ச வரம்பு. அதற்கு மேல் மாணவர்களுக்கு உரிமை தர மாநிலங்களுக்குத் தடையில்லை. கலிஃபோர்னியாவில் 1977 முதலே அப்படி ஒரு சட்டம் இருந்தது. தீர்ப்பு வந்த அதே ஆண்டில் மாசசூசெட்ஸ், 1989-ல் அயோவா, 1990-ல் கொலராடோ, 1992-ல் கான்சஸ், 1995-ல் ஆர்கன்சா. அப்புறம் நீண்ட மௌனம், 2007-ல் ஓரிகன். 2015-ல் வடக்கு டகோட்டாவில் வந்த சட்டத்தின் வரைவு, ஜேம்ஸ்டவுன் பல்கலைக்கழக மாணவர்களின் ஒரு வகுப்பு வேலையாகத் தொடங்கியது. வகுப்பு வேலை என்பதால் உரிமை போனவர்களுக்கு, வகுப்பு வேலையாகவே ஒரு சட்டம்! அதன் பிறகு ‘நியூ வாய்சஸ்’ என்ற பெயரில் பல மாநிலங்களுக்குப் பரவியது.

இத்தகைய சட்டம் நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு கான்சஸ் மாநிலத்தின் பிட்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளியைப் பார்க்கலாம். 2017 மார்ச்சில் அங்கே புது முதல்வர் ஒருவரை வாரியம் நியமித்தது. மாணவர் பத்திரிகை ‘பூஸ்டர் ரீடக்ஸ்’ வழக்கமான வரவேற்புக் கட்டுரைக்காக அவரிடம் பேசத் தொடங்கியது. பேசப் பேச, பட்டங்கள் பற்றிய பதில்கள் பொருந்தவில்லை. பட்டம் கொடுத்ததாகச் சொன்ன ‘கார்லின்ஸ் பல்கலைக்கழகம்’ அங்கீகாரம் பெற்ற நிறுவனமாகத் தெரியவில்லை. மார்ச் 31 அன்று கட்டுரை வெளியானது. ஏப்ரல் 4 அன்று அவர் விலகினார். வேலையில் சேரும் முன்பே.

இதை ஹேசல்வுட் விதி மட்டும் உள்ள மாநிலத்தில் வைத்து யோசியுங்கள். வரப்போகும் முதல்வரின் தகுதியைச் சந்தேகிக்கும் கட்டுரை, இருக்கும் நிர்வாகத்தின் மேஜைக்கு ப்ரூஃபாகப் போகும். ‘போதிய ஆய்வில்லை’, ‘தனிநபரைக் காயப்படுத்தும்’ என்று எழுதி நிறுத்த ஒரு வரி போதும். பெரியவர்களின் தேர்வுக் குழு கவனிக்காமல் விட்டதை மாணவர்கள் போன் போட்டும் இணையத்தில் தேடியும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர்கள் திறமை மட்டுமே கட்டுரையை அச்சேற்றியிருக்காது. சர்ச்சைக்குரிய விஷயம் என்ற காரணத்துக்காக மட்டும் மாணவர் வெளியீட்டை நிறுத்தக்கூடாது என்ற 1992 சட்டம் பின்னால் நின்றது.

மிசூரிக்குத் திரும்புவோம். அங்கேயும் இதே மாதிரிச் சட்டத்துக்கு முயற்சி நடந்தது. மிசூரியின் செயின்ட் ஜோசஃபில் பிறந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிரான்கைட்டின் பெயரை வைத்தார்கள். 2016-ல் மசோதா மாநிலக் கீழவையில் பெரும் ஆதரவோடு நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. அதன் பிறகும் கொண்டுவந்து பார்த்தார்கள்.